நேரடி இசையைப் பதிவு செய்ய எந்த மைக் வாங்கலாம்?

கேள்வி இது. நண்பர்களின் இசை நிகழ்ச்சிகளைப் பொழுதுபோக்காகப் பதிவு செய்து வருபவர் ஒருவர். இதுவரை கையடக்க ரெக்கார்டரில் உள்ள மைக்கையே நம்பியிருந்தார். இப்போது தனி மைக் வாங்க நினைக்கிறார். மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டன்சர் மைக்கா, மின்சாரம் வேண்டாத டைனமிக் மைக்கா? பின்வரிசையில் உட்கார்ந்தபடியே தெளிவாகப் பிடிக்க நீண்ட குழாய் வடிவ ஷாட்கன் மைக் உதவுமா? ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? அவர் போகும் நிகழ்ச்சிகள் இரண்டு வகை. ஒன்று, ஒலிபெருக்கி இல்லாமல் வயலின், செல்லோ, பியானோ, பாட்டு என்று சின்ன அரங்கில் நடப்பது. மற்றது, டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் பெரிய ஸ்பீக்கர்களும் உள்ள மேடை.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே மாடலில் இரண்டு சிறிய கண்டன்சர் மைக், முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும் கார்டியாய்ட் வகை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு ஸ்டீரியோ பார். இரண்டரை, மூன்று மீட்டர் உயரம் போகிற ஸ்டாண்டு ஒன்று. ஷாட்கன் வேண்டாம். இரண்டு வகை நிகழ்ச்சிக்கும் பெரும்பாலான சமயம் இது போதும். ஆனால் இதை மட்டும் குறித்துக்கொண்டு வாங்கப் போய்விடாதீர்கள். மைக்கை எங்கே வைக்க உங்களை விடுவார்கள் என்று தெரியாமல் எந்த மைக் என்று முடிவு செய்ய முடியாது. இடம் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அரங்கில் உட்கார்ந்திருக்கும்போது நம் காதுக்கு இரண்டு விதமான ஒலி வருகிறது. வாத்தியத்திலிருந்து நேராக வருவது ஒன்று. சுவர், கூரை, தரை என்று பட்டுத் திரும்பி நாலாபக்கமிருந்தும் வருகிற எதிரொலி மற்றது. நேரொலி தூரம் கூடக்கூடக் குறைந்துகொண்டே போகும். தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். எதிரொலியோ அரங்கு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்து நிற்கும். அதனால் மேடையிலிருந்து பின்னால் போகப்போக ஓர் இடத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதைத் தாண்டினால் எதிரொலியின் கைதான் ஓங்கும்.

அந்த எல்லை நாம் நினைப்பதைவிட மிகவும் பக்கத்தில் இருக்கிறது. கொள்ளளவு 500 கன மீட்டர், ஒலி முழுக்க அடங்க 1 வினாடி ஆகும் ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் சமமாக ஒலிக்கும் ஒரு வாத்தியத்துக்கு அங்கே அந்த எல்லை சுமார் 1.3 மீட்டர்தான். 2000 கன மீட்டர், 1.5 வினாடி என்றால் சுமார் 2 மீட்டர். குரல், ட்ரம்பெட் போல முன்பக்கமாக ஒலியைச் செலுத்துபவற்றுக்கு இது இன்னும் நீளும். அப்படியும் பத்தாவது வரிசையை எட்டாது.

அப்படியானால் பத்தாவது வரிசையில் நமக்கு எப்படி நன்றாகக் கேட்கிறது? இரண்டு காதும் மூளையும் சேர்ந்து, மேடை இருக்கும் திசையிலிருந்து வருவதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. கண்ணும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. மைக் வந்ததை வந்தபடி எடுக்கும். பிறகு வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வழியாகக் கேட்கும்போது நேரொலி, எதிரொலி இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வருகின்றன, மூளையாலும் பிரிக்க முடிவதில்லை. "நேரில் அவ்வளவு நன்றாக இருந்தது, பதிவில் கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கிறதே" என்று பலர் வருந்துவதற்குக் காரணம் இதுதான். மைக்கின் தரத்துக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. கேட்பதற்கு மிக நல்ல இருக்கை எதுவோ, அதைவிட முன்னாலும் அதைவிட உயரத்திலும்தான் மைக் இருக்க வேண்டும்.

ஆகவே செலவு செய்வதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். இப்போது உங்களிடம் இருக்கும் ரெக்கார்டரின் அடியில் ஸ்டாண்டில் திருகுவதற்கான துளை இருக்கும். அதை உயரமான ஒரு ஸ்டாண்டில் பொருத்தி, முதல் வரிசைக்கும் முன்னால், மேடை விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தூரத்தில், கலைஞர்களின் தலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பதிவு செய்யுங்கள். உயரம் ஏன் முக்கியம் என்றால், முன்வரிசைக் கலைஞர் மட்டும் மைக்குக்கு மிகவும் அருகிலும் பின்னால் இருப்பவர் வெகுதூரத்திலும் இருக்கும் நிலை மாறி, எல்லோரும் ஏறக்குறைய ஒரே தூரத்துக்கு வந்துவிடுவார்கள். பார்வையாளரின் இருமலும் கொஞ்சம் தள்ளிப்போகும். பின்வரிசையில் விலையுயர்ந்த மைக்கை வைத்து எடுத்ததைவிட இந்தப் பதிவு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் திருப்தி வந்துவிட்டால் மைக் வாங்குவதைத் தள்ளிப்போடலாம் என்பதே என் கருத்து.

சரி, இடம் கிடைத்துவிட்டது, அடுத்து மைக்கின் திசைத்தன்மை. ஆம்னி வகை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கேட்கும். கார்டியாய்ட் முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் 6 டெசிபெல் குறைவாகக் கேட்கும், நேர் பின்னால் ஏறக்குறைய கேட்கவே கேட்காது. சூப்பர்கார்டியாய்ட் இன்னும் குறுகலானது, ஆனால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். அதன் செவிட்டுப் பகுதி பின்பக்கத்தின் இரண்டு ஓரங்களில், அதாவது முன்னிலிருந்து 126 டிகிரி அளவில் இருக்கிறது. அதனால் உங்களுக்கு நேர் பின்னால் நின்று யாராவது கத்திக்கொண்டிருந்தால் சூப்பர்கார்டியாய்டைவிட கார்டியாய்ட்தான் காப்பாற்றும்.

இவற்றைத் தூரமாக மாற்றிச் சொன்னால் தேர்வுக்கு இன்னும் உதவும். ஆம்னி மைக்கை 1 மீட்டரில் வைத்தால் நேரொலியும் எதிரொலியும் எந்த விகிதத்தில் விழுமோ, அதே விகிதம் கார்டியாய்டுக்கு 1.7 மீட்டரிலும், சூப்பர்கார்டியாய்டுக்கு 1.9 மீட்டரிலும், அதைவிடவும் குறுகலான ஹைப்பர்கார்டியாய்டுக்கு 2 மீட்டரிலும் கிடைக்கும். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குறுகலான மைக் வாங்கினாலும் ஆம்னியைப் போல இரண்டு மடங்கு தூரம்தான் பின்னால் போகலாம், அதற்கு மேல் இல்லை. பின்வரிசையை முன்வரிசை ஆக்கும் மைக் என்று எதுவும் கிடையாது.

ஷாட்கன் அதைச் செய்யாதா என்பதுதான் அடுத்த சந்தேகம். அந்த நீண்ட குழாயின் பக்கங்களில் இருக்கும் துளைகள் வழியாக, ஓரத்திலிருந்து வரும் ஒலி வெவ்வேறு நேரத்தில் நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இது நடக்க ஒலியின் அலைநீளம் குழாயின் நீளத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் குழாய் என்றால் சுமார் 1400 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் குழாய்க்கு வேலை. அதற்குக் கீழே அது ஒரு சாதாரண சூப்பர்கார்டியாய்ட் மைக்தான். இசையின் அடிப்படைச் சுரங்கள் பெரும்பாலும் 1400க்குக் கீழேதான் இருக்கின்றன. மேலே போகப்போக மைக் மிகவும் குறுகிவிடுவதால், நடுவில் இருப்பவர் பளிச்சென்றும் ஓரத்தில் இருப்பவர் மங்கலாகவும் கேட்பார்கள். மூடிய அரங்கில் எதிரொலி எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் ஓரத்து ஒலி ஒருவிதக் கரகரப்போடு பதிவாகும். திறந்தவெளியில் பேச்சைப் பிடிக்க ஷாட்கன் அருமையான கருவி. உள்ளரங்கு இசைக்கு அதே செலவில் இரண்டு கார்டியாய்ட் வாங்கலாம்.

டைனமிக், கண்டன்சர் விஷயத்துக்கு வருவோம். மேடைகளில் எங்கும் காணப்படும் ஷூர் எஸ்எம்57 1965லும் எஸ்எம்58 1966லும் வந்தவை. வாய்க்கு ஒட்டி, ஆம்ப்ளிஃபயருக்கு ஒட்டி, ஸ்நேர் டிரம்முக்கு ஒட்டி வைப்பதற்கென்று செய்யப்பட்ட டைனமிக் மைக்குகள். ஒட்டி வைக்கும்போது திசைத்தன்மை உள்ள மைக் எதுவும் பாஸை, அதாவது கனத்த கீழ்ச்சுர ஒலியை, தூக்கிக் காட்டும். அதைச் சமன் செய்ய இவற்றில் பாஸை முன்கூட்டியே குறைத்திருக்கிறார்கள். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் அந்தத் தூக்கல் போய்விடும், குறைப்பு மட்டும் மிஞ்சும். செல்லோவின் உடம்பே காணாமல் போய்விடும்.

இன்னொரு சிக்கல் மின்னழுத்தம். எஸ்எம்57இன் உணர்திறன் ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு சுமார் 1.6 மில்லிவோல்ட். ரோட் என்டி5 போன்ற சிறிய கண்டன்சருக்கு அது சுமார் 12 மில்லிவோல்ட். வித்தியாசம் ஏறக்குறைய 17 டெசிபெல். தூரத்தில் இருக்கும் மெல்லிய இசையை டைனமிக்கில் எடுத்தால் ரெக்கார்டரின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, அந்த அளவுக்குக் கூடுதலாக ஏற்ற வேண்டும், கூடவே அப்படிப் பெருக்கும் பகுதியான ப்ரீஆம்ப்பின் 'உஸ்' சத்தமும் ஏறும். சிறிய கையடக்க ரெக்கார்டர்களின் ப்ரீஆம்ப்பில் இது நன்றாகவே காதில் விழும். உணர்திறன் அதிகம் என்பதால் மைக் தரமானது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை; தூரத்திலிருந்து எடுக்கும் வேலைக்கு அது வசதி, அவ்வளவுதான்.

கண்டன்சரிலும் பெரிய டயாஃப்ரம், சிறிய டயாஃப்ரம் என்று இரண்டு உண்டு. டயாஃப்ரம் என்பது ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வு. பெரியவற்றில் மைக்கின் சொந்த இரைச்சல் குறைவு; ரோட் என்டி1 போன்றவை 5 டெசிபெல்லுக்கும் கீழே, சிறியவை பலவும் 16ஐ ஒட்டி. இந்த எண்ணைப் பார்த்துப் பலர் பெரியதை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஆட்கள் நிறைந்த அரங்கின் அமைதியே 30 டெசிபெல் சுமாருக்கு இருக்கும். அதற்கு அடியில் 16 இருந்தாலும் 5 இருந்தாலும் பதிவில் தெரியாது. மாறாக, ஓரத்திலிருந்து வரும் ஒலியின் நிறத்தைக் கெடுக்காமல் எடுப்பதில் சிறிய டயாஃப்ரம் தெளிவாக முந்துகிறது. ஒரு குழுவை இரண்டே மைக்கில் எடுக்கும்போது பெரும்பாலான வாத்தியங்கள் மைக்குக்கு ஓரத்தில்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். தனிக் குரலை அருகில் வைத்து எடுப்பதற்குப் பெரியது. மேடை முழுக்க எடுப்பதற்குச் சிறியது.

இரண்டு மைக் எதற்கு என்றால், ஸ்டீரியோவுக்கு. அந்த இரண்டையும் எப்படி நிறுத்துவது என்பது எந்த மைக் என்பதைவிட அதிகமாகப் பதிவை மாற்றும், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

உங்கள் ரெக்கார்டரில் உள்ள மைக்குகள் அநேகமாக எக்ஸ்ஒய் முறையில் இருக்கும். இரண்டு கார்டியாய்டின் தலைகளும் ஒரே புள்ளியில், 90 டிகிரி விரிந்து நிற்கும். ஒலி இரண்டிலும் ஒரே நேரத்தில் விழுவதால் இட வலம் என்பது சத்தத்தின் அளவு வித்தியாசத்தால் மட்டுமே தெரியும். மோனோவாக மாற்றினாலும் கெடாது. குறை என்னவென்றால், தள்ளி வைத்தால் குழு முழுக்க நடுவில் வந்து குவிந்துவிடும். 90 டிகிரி எக்ஸ்ஒய்க்கு மிக விரிந்த மேடை, மிக அருகில் வேண்டும்.

ஓஆர்டிஎஃப் முறை பிரெஞ்சு அரசு ஒலிபரப்பு நிறுவனத்தில் உருவானது, பெயரும் அதனுடையதே. இரண்டு கார்டியாய்ட், தலைகளுக்கு இடையே 17 சென்டிமீட்டர், வெளிப்பக்கமாக 110 டிகிரி விரிப்பு. 17 சென்டிமீட்டர் என்பது மனிதக் காதுகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஒட்டியது. ஆக, அளவு வித்தியாசமும் நேர வித்தியாசமும் சேர்ந்து வேலை செய்கின்றன. மைக்கிலிருந்து பார்த்தால் சுமார் 95 டிகிரிக்குள் இருக்கும் குழு, வீட்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே இடமிருந்து வலம் வரை அழகாகப் பரவி நிற்கும். நால்வர் குழுவோ சிறு பாடகர் குழுவோ, முதல் முறை எடுப்பவருக்கு நான் தயக்கமில்லாமல் சொல்வது இதைத்தான். அளவுகோல் ஒன்று பையில் இருக்கட்டும், கண்ணளவில் வைக்காதீர்கள். விரிப்பு அதிகமாகத் தெரிந்தால் ஸ்டாண்டைப் பின்னுக்கு நகர்த்துங்கள், குறைவாகத் தெரிந்தால் முன்னுக்கு.

ஆம்னி மைக்குகளை இணையாக 40 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்துவது ஏபி முறை. அறையின் ஒலி நன்றாக இருந்து, மிக அருகில் வைக்கவும் விட்டார்கள் என்றால், இதைப்போல மனத்தை நிறைக்கும் பதிவு வேறு எதிலும் வராது. ஆம்னிகள் பாஸை அடிவரை எடுக்கும். பைப் ஆர்கனின் கீழ்ச் சுரங்கள் கார்டியாய்டில் மெலிந்துபோகும், ஆம்னியில் உடம்போடு இருக்கும். காற்றும் கை அதிர்வும் ஆம்னியை அதிகம் தொந்தரவு செய்யாது. ஆனால் அறை சுமாராக இருந்தால் அந்தச் சுமாரையும் முழுதாக எடுத்துக் கொடுக்கும். தெரியாத அரங்குகளுக்குப் போகிறவருக்கு முதல் ஜோடியாக இதை நான் சொல்ல மாட்டேன், இரண்டாவது ஜோடியாகச் சொல்வேன்.

முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் ஃபிகர் எட்டு மைக் இரண்டைக் குறுக்காக நிறுத்தும் முறையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் 1931லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். இன்றும் அதன் இயல்புத்தன்மைக்கு மயங்குபவர்கள் உண்டு. பின்பக்கமும் முன்பக்கம் அளவுக்கே கேட்கும் என்பதால் கைதட்டலும் இருமலும் அதே அளவில் வரும். ஆளில்லாத அரங்கில் எடுக்கும்போது முயன்று பாருங்கள்.

இனி சத்தமான மேடை. இங்கே நீங்கள் பதிவு செய்வது பெரும்பாலும் ஸ்பீக்கர்களைத்தான். அதனால் இடக் கணக்கு மாறுகிறது. இரண்டு பக்க ஸ்பீக்கர்களுக்கும் நடுக்கோட்டில், மிக்சர் வைத்திருக்கும் இடத்தை ஒட்டி, ஆட்களின் தலைக்கு மேலே வைப்பது நல்லது. ஒலிப்பொறியாளர் தன் காதுக்குச் சரியாகத்தான் எல்லாவற்றையும் அமைப்பார், அந்தக் காதுக்குப் பக்கத்தில் உங்கள் மைக் இருக்கட்டும். நடுக்கோடு கிடைக்காவிட்டால் ஒரு பக்க ஸ்பீக்கரை நேராகப் பார்க்கும்படி வைத்துவிடுங்கள். இரண்டையும் அரைகுறையாகப் பிடித்துக் கோணலான ஸ்டீரியோ எடுப்பதைவிட அது தெளிவாக இருக்கும். பார்வையாளர் பேச்சு அதிகம் உள்ள இடங்களில் சூப்பர்கார்டியாய்ட் தலைகள் உதவும். கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டி வந்தால் 110 டிகிரி விரிப்பைக் குறைத்து இரண்டு மைக்கையும் ஸ்பீக்கர்களை நோக்கித் திருப்புங்கள். ஸ்டீரியோ குறுகினாலும் குரல் தெளிவாகும்.

மைக் தாங்கும் உச்ச சத்தம் இங்கே முக்கியம். ஒலிபெருக்கி வைத்த ராக் நிகழ்ச்சிகளில் 100 முதல் 110 டெசிபெல் சாதாரணம், உச்சங்கள் அதற்கும் மேலே போகும். தொழில்முறைக் கண்டன்சர் மைக்குகள் 130 டெசிபெல்லைத் தாண்டியும் தாங்குவதால் கவலை இல்லை. சட்டையில் குத்துகிற சிறிய எலெக்ட்ரெட் மைக்குகள், ரெக்கார்டரின் 3.5 மில்லிமீட்டர் துளையிலிருந்து கிடைக்கும் சில வோல்ட் மின்சாரத்தில் ஓடுபவை, இந்தச் சத்தத்தில் திணறும். அவற்றுக்கு 9 வோல்ட் பேட்டரி பெட்டி ஒன்றை இடையில் போட்டால் தாங்கும் அளவு கூடும். ஸ்டாண்டு வைக்கவே முடியாத இடங்களில், அனுமதியோடு, இப்படி ஒரு ஜோடி ஆம்னி எலெக்ட்ரெட்டைத் தொப்பியின் இரு ஓரங்களிலும் பொருத்தி எடுப்பவர்கள் உண்டு. தலையே இடையில் தடுப்பாக நிற்பதால் ஹெட்ஃபோனில் கேட்க நன்றாகவே இருக்கும். தலையை ஆட்டாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம்.

இங்கே ஒலி உடைவதில், அதாவது சிதைவதில், இரண்டு விதத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மைக்கே சத்தத்தைத் தாங்காமல் ஒலி உடைவது ஒன்று. மைக் தாங்கினாலும் அது அனுப்பும் மின்னழுத்தம் ரெக்கார்டரின் உள்வாயிலை நிரப்பி உடைவது இன்னொன்று. 2019 வாக்கில் பரவத் தொடங்கிய 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் லெவல் வைக்கும் தலைவலி போய்விட்டது. ஆனால் மைக்கிலேயே உடைந்த ஒலியை அவற்றாலும் மீட்க முடியாது. அவற்றின் உள்வாயிலுக்கும் ஓர் எல்லை உண்டு. மைக்கிலோ ரெக்கார்டரிலோ சத்தத்தை 10 அல்லது 20 டெசிபெல் குறைக்கும் பேட் பொத்தான் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

மிக்சரிலிருந்தே ஒயர் எடுத்துவிட்டால் மைக் எதற்கு என்று நண்பர்கள் யாராவது கேட்பார்கள். சிறிய இடங்களில் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் மேடையிலிருந்தே போதுமான அளவு ஒலிப்பதால், பொறியாளர் அவற்றை மிக்சரில் குறைத்தே வைத்திருப்பார், சில நேரம் வைக்கவே மாட்டார். அந்த ஒயரில் குரல் மட்டும் முன்னால் நிற்கும், டிரம்ஸ் எங்கோ இருக்கும். அதை உங்கள் ஜோடி மைக்கோடு கலந்தால்தான் முழுமையாகும். கலக்கும்போது நேர வித்தியாசத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லி வினாடி. ஸ்பீக்கரிலிருந்து 15 மீட்டரில் மைக் இருந்தால் சுமார் 44 மில்லி வினாடி பின்தங்கும். மிக்சர் தடத்தை அந்த அளவு தள்ளிவைத்தால் இரட்டைக் குரல் மறைந்துவிடும். இரண்டையும் நான்கு தட ரெக்கார்டர் ஒன்றிலேயே எடுங்கள். தனித்தனிக் கருவியில் எடுத்தால் அவற்றின் கடிகாரங்கள் ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 36 மில்லி வினாடி விலகிவிடும், ஆரம்பத்தில் ஒட்டிய தடம் கடைசிப் பாட்டில் ஒட்டாது.

அனுமதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒளித்துவைத்து எடுக்கும் பதிவு ஒலியிலும் ஒளித்துவைத்ததாகவே இருக்கும்: சட்டை உரசும், இடம் அமையாது. கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு, தங்கள் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்று 1984இல் தனி இடமே ஒதுக்கியது. மிக்சருக்குப் பின்னால் உயரமான ஸ்டாண்டுகளோடு அவர்கள் நிற்பதற்கான இடம் அது. உங்கள் நண்பர்களின் குழு என்றால் பிரதி ஒன்று தருகிறேன் என்று சொன்னாலே பெரும்பாலும் கதவு திறக்கும். அரங்கக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது மின்சாரத்தைக் கவனியுங்கள். கண்டன்சர் மைக்குக்கு எக்ஸ்எல்ஆர் ஒயர் வழியாக 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேண்டும். உங்கள் ரெக்கார்டரில் எக்ஸ்எல்ஆர் துளையும் 48 வோல்ட்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் துளை மட்டும் என்றால் மைக்கோடு ரெக்கார்டரும் மாற வேண்டியிருக்கும், செலவைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபேண்டம் போட்டால் பேட்டரி வேகமாக இறங்கும், மாற்று பேட்டரியோ பவர் பேங்கோ கையில் இருக்கட்டும். எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்கை எக்ஸ்எல்ஆர் ஒயரில் இணைத்திருக்கும்போது ஃபேண்டம் தவறி ஆனில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. மெல்லிய உலோக நாடா அதிர்ந்து வேலை செய்யும் பழைய ரிப்பன் மைக் என்றால் மட்டும் எச்சரிக்கை, ஒயரில் பழுது இருந்தால் ரிப்பன் போய்விடக்கூடும்.

ரெக்கார்டர் அமைப்பு சுருக்கமாக: தானியங்கி லெவலை அணைத்துவிடுங்கள், அது மெல்லிய இடங்களைத் தூக்கி உரத்த இடங்களை அமுக்கி இசையின் ஏற்ற இறக்கத்தையே தட்டையாக்கிவிடும். 24 பிட், வேவ் கோப்பு. உச்சம் முழு அளவுக்கு 12 டெசிபெல் கீழே நிற்கும்படி வையுங்கள். ஒத்திகையைவிட நிகழ்ச்சியில் எல்லோரும் சத்தமாகத்தான் வாசிப்பார்கள்.

ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். மூன்று மீட்டர் உயரத்தில் இரண்டு மைக் தொங்கும் கம்பி யார் தலையிலும் விழக் கூடாது. அடியில் மணல் பை, ஒயரைத் தரையோடு ஒட்ட டேப், தரை அதிர்வு ஏறாமல் இருக்க ஷாக் மவுன்ட். ஸ்டாண்டே கூடாது என்று சொல்லும் அரங்கில் பவுண்டரி மைக் இரண்டை மேடைத் தரையில் முன் விளிம்பில் வைக்கலாம். தரையோடு ஒட்டியிருப்பதால் தரையில் பட்டு வரும் ஒலி நேரொலியோடு மோதாது. காலடிச் சத்தம் மட்டும் வரும், அடியில் ஒரு மெத்தையான துணியைப் போடுங்கள்.

மாடல்கள் சிலவற்றைச் சொல்கிறேன், இவை மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோட் என்டி5 ஜோடியாகவே கிடைக்கிறது. ஸ்வீடனின் லைன் ஆடியோ சிஎம்4 கார்டியாய்டைவிடச் சற்று அகன்றது, ஓரத்து ஒலியை மிக இயல்பாக எடுக்கும்; தனிப்பட்ட முறையில் ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு நான் இதன் பக்கம் சாய்வேன். ஒக்டாவா எம்கே012 மைக்கில் தலையைக் கழற்றி ஆம்னி, ஹைப்பர்கார்டியாய்ட் என்று மாற்றலாம், இரண்டு வகை நிகழ்ச்சிக்கும் போகிறவருக்கு அது பெரிய வசதி. இரண்டு மைக்கை அளந்து நிறுத்தப் பொறுமை இல்லை என்றால் சூப்பர்லக்ஸ் எஸ்502 இருக்கிறது, ஓஆர்டிஎஃப் அளவிலேயே இரண்டும் ஒரே உடலில் பொருந்தியவை. நாய்மன் கேஎம்184 அளவுக்குப் போவதை முதல் வருடத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே தொகையில் நல்ல ஸ்டாண்டும் ரெக்கார்டரும் சேர்த்து வாங்கலாம்.

பழையது வாங்குவதிலும் தப்பில்லை, ஈரம் படாமல் வைத்திருந்த கண்டன்சர் நெடுங்காலம் உழைக்கும். புகழ்பெற்ற மாடல்களுக்குப் போலிகள் நிறைய உலவுகின்றன, எஸ்எம்58க்கு அதிகம். நம்பத் தகாத குறைந்த விலைக்கு வந்தால் விட்டுவிடுங்கள். ஜோடி பொருந்துகிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு மைக்கின் தலைகளையும் ஒட்டினாற்போல் ஒரே திசையில் நிறுத்தி, ஒரு மீட்டர் தள்ளி ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டுப் பதிவு செய்யுங்கள். கணினியில் ஒரு தடத்தின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாக்கி, லெவலைச் சமப்படுத்தி, இரண்டையும் மோனோவாகக் கூட்டுங்கள். நன்றாகப் பொருந்திய ஜோடியில் பெரும்பகுதி அழிந்து உயர்ந்த அலைவரிசையில் மட்டும் கொஞ்சம் கீச்சென்று மிஞ்சும். அது தலைகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளியால் வருவது, பரவாயில்லை. பாஸும் குரலும் தெளிவாக மிஞ்சிக் கேட்டால் இரண்டில் ஒன்று சரியில்லை, விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.